மலையேறும் காணொலிப் பாடம்: பதிவு செய்யும்போதே சுருக்குவது எப்படி?

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலைச்சாலையில் ஏறினால் அலைபேசித் திரையில் உள்ள அலைவரிசைக் கோடுகள் வளைவுக்கு வளைவு குறையும். வட்டத் தலைமையிடமான வெள்ளிமலையில் கிடைக்கும் இணைய வேகம் மலையின் எல்லாச் சிற்றூர்களிலும் கிடைப்பதில்லை. 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பாடம் திரை வழியே வீட்டுக்குப் போனது. அதன்பின் பாடத்தைக் காணொலியாகப் பதிவு செய்வது ஆசிரியர் பலருக்கும் பழகிய வேலையாகிவிட்டது. திறன் வகுப்பறையும் உயர் தொழில்நுட்ப ஆய்வகமும் வந்த பின் அந்தக் காணொலிகளுக்கான தேவையும் கூடியிருக்கிறது.

ஆனால் பதிவு செய்த பாடம் மாணவர் கைக்குப் போய்ச் சேருகிறதா? பத்து நிமிடப் பாடம் ஒன்று அலைபேசியில் 1 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் இணையத் திட்டம் வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு பாடமே அன்றைய கணக்கை ஏறக்குறைய தீர்த்துவிடும். அளவைக் குறைக்கிறேன் என்று கண்டபடி சுருக்கினால் கரும்பலகையில் எழுதியது குழம்பிப் போகும். பாடம் மாணவரை அடையவும் வேண்டும், எழுத்து தெளிவாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே சரியான அளவைத் தேர்ந்தெடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுருக்காவிட்டால் என்ன ஆகும்?

முதலில் ஒரு கணக்கு. இதை எட்டாம் வகுப்புக் கணிதப் பாடவேளையிலேயே மாணவர்களைக் கொண்டு செய்ய வைக்கலாம்.

முழு எச்டி படம் ஒன்றில் கிடைமட்டமாக 1920, செங்குத்தாக 1080 படப்புள்ளிகள் உள்ளன. மொத்தம் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஓர் எண்ணுக்கு ஒரு பைட். ஆக ஒரு படத்துக்கு 62,20,800 பைட். ஒரு விநாடிக்கு 25 படங்கள் என்றால் ஏறத்தாழ 155.5 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 9.3 ஜிபி. பத்து நிமிடப் பாடத்துக்கு 93 ஜிபி!

64 ஜிபி நினைவகம் கொண்ட அலைபேசியில் வேறு எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஏழு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். நடைமுறையில் அப்படி நிரம்புவதில்லையே, ஏன்? நாம் பதிவுப் பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து அலைபேசி சுருக்கிக்கொண்டே இருக்கிறது. விநாடிக்கு 1,244 மெகாபிட்டாக இருக்க வேண்டியதைப் பல அலைபேசிகள் 17 மெகாபிட் அளவுக்குக் கொண்டுவந்து சேமிக்கின்றன. அதாவது எழுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படிச் சுருங்கிய பிறகுதான் பத்து நிமிடப் பாடம் 1,275 மெகாபைட்டாக நம் கைக்கு வருகிறது.

இந்த ‘விநாடிக்கு இத்தனை பிட்’ என்ற அளவைத்தான் பிட்ரேட் என்கிறோம். கோப்பின் அளவை முடிவு செய்வது இதுவே. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், மெகாபிட் எண்ணை எட்டால் வகுத்து, பாடம் ஓடும் விநாடிகளால் பெருக்கினால் கோப்பு எத்தனை மெகாபைட் என்று தெரிந்துவிடும். பத்து நிமிடப் பாடத்துக்கான அளவுகள் இவை:

17 மெகாபிட் – 1,275 மெகாபைட்
4 மெகாபிட் – 300 மெகாபைட்
2 மெகாபிட் – 150 மெகாபைட்
1 மெகாபிட் – 75 மெகாபைட்

விநாடிக்கு 2 மெகாபிட் வேகமே கிடைக்கும் இடத்தில் முதல் கோப்பைத் தரவிறக்க 85 நிமிடம் ஆகும். மூன்றாவது கோப்புக்கு 10 நிமிடம் போதும். மாணவர் பாடத்தைப் பார்ப்பாரா, பாதியில் கைவிடுவாரா என்பதை இந்த வேறுபாடு முடிவு செய்துவிடும்.

எதை விட்டுவிடுகிறது?

எழுபதில் ஒரு பங்காகக் குறைத்த பிறகும் படம் நன்றாகத்தானே தெரிகிறது என்று தோன்றும். நம் கண் கவனிக்காதவற்றைப் பார்த்து விட்டுவிடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அது நான்கு படிகளில் நடக்கிறது.

முதற்படி, நிறம். ஒளியின் ஏற்ற இறக்கத்தை நம் கண் கூர்மையாகக் காணும். நிறத்தின் நுண்மையை அந்த அளவுக்குக் காணாது. எனவே ஒளி அளவை ஒவ்வொரு புள்ளிக்கும் வைத்துக்கொண்டு, நிறத் தகவலை நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு முறை மட்டும் வைக்கிறார்கள். நான்கு புள்ளிகளுக்கு 12 எண்கள் தேவைப்பட்ட இடத்தில் 6 போதும். இந்தப் படியிலேயே அளவு பாதியாகிவிடுகிறது.

இரண்டாம் படி, கட்டங்கள். படத்தை 8-க்கு 8 போன்ற சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் வடிவங்கள், வேகமாக மாறும் வடிவங்கள் ஆகியவற்றின் கூட்டாக எழுதுகிறார்கள். பெரும்பாலான கட்டங்களில் மெதுவாக மாறும் வடிவங்களே முக்கியமானவை. நுணுக்கமானவற்றைத் தோராயமாக்கலாம், அல்லது விட்டுவிடலாம். இந்தக் கணித முறையை 1972-இல் முன்மொழிந்தவர் பெங்களூருவில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது. ஆய்வுக்கு அவர் கேட்ட நிதி மறுக்கப்பட்டது. ஆனாலும் அவர் கைவிடவில்லை. தம் ஆய்வு மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று நாம் அனுப்பும் ஜேபெக் ஒளிப்படத்திலும் பார்க்கும் காணொலியிலும் இருப்பது அந்த முறையும் அதிலிருந்து வளர்ந்தவையும்தான். அறிவியல் மனப்பான்மை பற்றிப் பேசும்போது மாணவர்களிடம் சொல்லத் தகுந்த வரலாறு இது.

மூன்றாம் படி, அசைவு. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். அடுத்தடுத்த இரண்டு படங்களில் பலகை, சுவர், கடிகாரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாறியது கையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே. எனவே முதல் படத்தை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்த படங்களுக்கு ‘எது எங்கே நகர்ந்தது’ என்பதை மட்டும் எழுதினால் போதும். காணொலியில் அளவு பெருமளவு குறைவது இந்தப் படியில்தான்.

நான்காம் படி, குறியீடு. அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு. தந்தி காலத்து மோர்ஸ் குறியீட்டில் இருந்த அதே சிக்கனம்.

இப்படிச் சுருக்கும் விதிகளின் தொகுப்பைக் கோடெக் என்கிறோம். 2003-இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 இன்று ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் ஓடும். 2013-இல் வந்த எச்.265 அதே தரத்தை ஏறத்தாழப் பாதி அளவில் தரவல்லது. ஆனால் பழைய கணினிகளில் அது திக்கித் திணறும், சிலவற்றில் ஓடவே ஓடாது. பள்ளிக்குப் பள்ளி கருவிகள் வேறுபடும் என்பதால் பகிரும் பாடத்துக்கு எச்.264 பாதுகாப்பானது. சில அலைபேசிகளில் ‘உயர் திறன் காணொலி’ என்ற அமைப்பு முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். பதிவுக்கு முன் பார்த்து மாற்றிக்கொள்வது நல்லது.

மெய்யெழுத்தின் புள்ளி எங்கே போனது?

நுணுக்கமானவற்றை விட்டுவிடலாம் என்று இரண்டாம் படியில் பார்த்தோம். முகத்திலோ சுவரிலோ அப்படி விட்டால் யாருக்கும் தெரியாது. கரும்பலகையில் விட்டால்? மெய்யெழுத்தின் புள்ளி சிறியது, அதன் விளிம்பு கூர்மையானது. அளவுக்கு மீறிச் சுருக்கும்போது முதலில் மங்குவது அதுதான். ‘க்’ என்பது ‘க’ ஆகும். 2.5 என்பது 25 ஆகும். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று தெரியாது. ன, ண வேறுபாடு கலையும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் எழுத்தறியத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு இது சிறு குறையல்ல. பெரியவர்கள் சொல்லின் பொருளைக் கொண்டு விடுபட்ட புள்ளியை நிரப்பி வாசித்துவிடுவோம். குழந்தை திரையில் காண்பதையே எழுத்தென்று கற்றுக்கொள்ளும்.

ஆகவே ஒரு பாடத்தை எவ்வளவு சுருக்கலாம் என்பதற்கு நல்ல அளவுகோல் புள்ளிச் சோதனை. பாடத்தில் வரும் மிகச் சிறிய எழுத்து அளவில் ‘பட்டம், கண்ணன், 2.5’ என்று பலகையில் எழுதி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். சுருக்கிய கோப்பைத் திறன் வகுப்பறைத் திரையில் கடைசி வரிசையில் அமர்ந்தும், ஒரு சிறிய அலைபேசியிலும் பாருங்கள். மூன்றும் பிழையின்றி வாசிக்க முடிந்தால் அந்த அளவு போதும். முடியாவிட்டால் பிட்ரேட்டைக் கூட்டுங்கள், அல்லது பலகையில் பெரிதாக எழுதுங்கள். பெரிதாக எழுதுவது செலவில்லாத வழி.

பதிவின்போதே சுருக்குவதா, பிறகு சுருக்குவதா?

பதிவு நடக்கும்போதே சுருக்குவதில் ஒரு நெருக்கடி உண்டு. விநாடிக்கு 25 படம் என்றால் ஒரு படத்தைச் சுருக்கி முடிக்கக் கிடைக்கும் நேரம் விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதற்குள் அடுத்த படம் வந்து நிற்கும். எனவே கருவி ஒவ்வொரு கட்டமும் எங்கே நகர்ந்தது என்று முழுதாகத் தேடாமல் மேலோட்டமாகத் தேடும். பதிவு முடிந்த பின் சுருக்கும்போது அந்த அவசரம் இல்லை. நிதானமாகத் தேடும். அதனால் அதே தரத்துக்குச் சிறிய கோப்பு கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை விட்டுவிட்ட நுணுக்கம் திரும்பக் கிடைக்காது. சுருக்கியதை மறுபடி சுருக்குவது, ஜெராக்ஸ் எடுத்ததையே மீண்டும் ஜெராக்ஸ் எடுப்பது போல. ஒவ்வொரு முறையும் மங்கும்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடைமுறை விதி தெளிவாகிறது. பதிவின்போது தாராளமான அளவு, பகிர்வதற்கு முன் ஒரே ஒரு முறை இறுதிச் சுருக்கம். வெட்டி ஒட்டும் வேலையை மூலப் பதிவில் செய்ய வேண்டும். புலனம் வழியாக வந்த கோப்பை எடுத்துத் திருத்தக் கூடாது, ஏனெனில் அது ஏற்கெனவே சுருங்கியது.

விதிவிலக்குகளும் உண்டு. கணினித் திரையைப் பதிவு செய்யும்போதும், நினைவகம் குறைவாக இருக்கும்போதும், அன்றே அனுப்ப வேண்டிய வீட்டுப்பாட விளக்கத்துக்கும் பதிவின்போதே சிறிதாக்கிவிடலாம். அலைபேசி அமைப்பில் 1080-ஐ 720 ஆக மாற்றினாலே புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்துவிடும்.

மாறாக, மலையாளி இன முதியவர்கள் பாடும் பாடலையோ, சாமை விதைப்பு பற்றி அவர்கள் தம் பேச்சு வழக்கில் சொல்வதையோ மாணவர்கள் களப்பணியாகப் பதிவு செய்தால், அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. அந்தப் பதிவு நாளை வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். இருப்பதில் உயர்ந்த தரத்தில் பதிவு செய்து, மூலத்தை இரண்டு இடங்களில் சேமித்து, பகிர்வதற்கு மட்டும் சிறிய படி எடுக்க வேண்டும். பாடுபவரின் ஒப்புதலையும் பதிவிலேயே சேர்த்துக்கொள்வது முறை.

ஆய்வகக் கணினியில் செய்முறை

கட்டணமில்லாத இரண்டு திறமூல மென்பொருள்கள் போதும். இரண்டும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும்.

பதிவு செய்து உடனே சுருக்க ஓபிஎஸ் ஸ்டூடியோ. இணையக் கேமரா, கணினித் திரை, யுஎஸ்பி வழியே இணைத்த பழைய கேமரா அல்லது விசிஆர் எதுவானாலும் அது உள்வாங்கும். அமைப்புகளில் ‘அவுட்புட்’ பகுதியில் எச்.264 குறியாக்கியைத் தேர்ந்தெடுங்கள். கணினியின் வரைகலைச் சில்லு வழியான குறியாக்கி பட்டியலில் இருந்தால் முதலில் அதை முயன்று பாருங்கள். செயலியின் சுமை குறையும். பதிவு நடக்கும்போது ‘ஸ்டாட்ஸ்’ பலகத்தில் தவறிய படங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். அப்போது 720-க்குக் குறைத்துப் பதிவு செய்யுங்கள், பிற செயலிகளை மூடுங்கள். எப்போதும் ஐந்து நிமிட வெள்ளோட்டம் பார்த்த பிறகே முழுப் பாடத்தைத் தொடங்குங்கள்.

மின்தடையை எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு. வழக்கமான எம்பி4 கோப்பு, பதிவு முடியும்போதுதான் தன் அட்டவணையை எழுதிக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனால் நாற்பது நிமிடப் பதிவும் திறக்காது. எம்கேவி வடிவத்தில் பதிவு செய்தால் மின்சாரம் போன கணம் வரை பதிவானது பிழைக்கும். பதிவு முடிந்ததும் ஓபிஎஸ்-இன் ‘ரீமக்ஸ்’ வசதி அதைத் தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றித் தரும்.

பிறகு சுருக்க ஹேண்ட்பிரேக். கோப்பைத் திறந்து எச்.264 தேர்ந்தெடுத்து, தர அளவான ‘ஆர்எஃப்’ எண்ணை அமையுங்கள். எண் கூடக் கூடக் கோப்பு சிறிதாகும், தரமும் குறையும். 720 அளவுப் படத்துக்கு 19 முதல் 23 வரை பரிந்துரைக்கப்படுகிறது. 23-இல் தொடங்கிப் புள்ளிச் சோதனை செய்து பாருங்கள். இம்முறையில் அசைவு குறைந்த கரும்பலகைப் பாடம் தானாகவே சிறிதாகும்; மேகம் அருவியைக் காட்டும் புவியியல் பாடம் பெரிதாகும். விழும் நீரில் ஒவ்வொரு படமும் புதிது என்பதே காரணம். பேச்சு மட்டும் உள்ள பாடத்துக்கு ஒலி ஒற்றைத் தடத்தில் 96 கிலோபிட் போதும். பத்து நிமிடத்துக்கு 7 மெகாபைட்டே ஆகும். ஒலியை அதற்குமேல் குறைக்க வேண்டாம். படம் மங்கினால் குழந்தை பொறுத்துக்கொள்ளும். சொல் கேட்காவிட்டால் பாடமே இல்லை.

பள்ளி அலமாரியில் விஎச்எஸ் நாடாக்கள் இருந்தால் அவற்றை மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். நாடா ஆண்டுக்கு ஆண்டு நலியும். நம் நாட்டு பால் முறைப் படத்தைச் சுருக்காமல் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 ஜிபி ஆகும். விநாடிக்கு 8 மெகாபிட் அளவில் எச்.264-ஆகப் பிடித்தால் 3.6 ஜிபி. பழைய நாடாவுக்கு இது தாராளம்.

படம்பிடிப்பதிலேயே சிக்கனம்

மாறாததை மீண்டும் எழுத வேண்டாம் என்பதே மூன்றாம் படியின் கொள்கை. அப்படியானால் தேவையற்ற அசைவை நாமே குறைத்துக் கொடுத்தால், அதே பிட்ரேட்டில் எழுத்து இன்னும் தெளிவாக வரும். அதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

• அலைபேசியைக் கையில் பிடிக்காமல் தாங்கியிலோ புத்தக அடுக்கிலோ நிறுத்துங்கள். கை நடுங்கினால் ஒவ்வொரு புள்ளியும் நகரும்.
• போதிய வெளிச்சம் வேண்டும். இருட்டில் கேமரா உண்டாக்கும் பொடிப்பொடியான புள்ளிகளையும் கருவி அசைவென்றே கருதும்.
• காற்றில் ஆடும் மரக்கிளை தெரியும் சன்னல் பின்னணியில் வேண்டாம். சுழலும் மின்விசிறியின் நிழலும் பலகையில் விழ வேண்டாம்.
• நெருக்கமான கோடு, கட்டம் போட்ட உடையைவிட ஒரே நிற உடை நல்லது.
• பதிவின்போது அலைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். அழைப்பு வந்து பதிவு தடைபடாது.

வகுப்பறைச் செயல்பாடு: எழுத்தைச் சுருக்குவோம்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. தேவையானவை: கட்டத் தாள், பென்சில். நேரம்: 40 நிமிடம்.

1. ஒவ்வொரு மாணவரும் 8-க்கு 8 கட்டம் வரையட்டும். மேல் இரண்டு வரிசைகள் வெறுமை. அடுத்த ஐந்து வரிசைகளில் இடது ஓரக் கட்டம் மட்டும் கறுப்பு. கடைசி வரிசை முழுதும் கறுப்பு. ‘ட’ கிடைக்கும்.

2. கட்டம் கட்டமாகச் சொன்னால் 64 சொற்கள் வேண்டும். சுருக்கமாகச் சொல்ல வழி கேளுங்கள். “2 முறை 8 வெள்ளை, 5 முறை 1 கறுப்பு, 7 வெள்ளை, 1 முறை 8 கறுப்பு” என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். பக்கத்து மாணவர் அதைக் கேட்டே வரையட்டும். எழுத்து அப்படியே வந்தால், எதையும் இழக்காத சுருக்கம் இது.

3. இப்போது முதல் வரிசையின் ஐந்தாவது கட்டத்தைக் கறுப்பாக்கி ‘ட்’ ஆக்குங்கள். குறியீடு நீளும். “4 வெள்ளை, 1 கறுப்பு, 3 வெள்ளை” என்று தனியே சொல்ல வேண்டும். ஒரே ஒரு புள்ளிக்கு எவ்வளவு செலவு என்று பேசுங்கள்.

4. “இன்னும் சுருக்க வேண்டும், எதையாவது விடலாம். எதை விடுவீர்கள்?” என்று கேளுங்கள். புள்ளியை விடுபவர்கள் இருப்பார்கள். அவர்கள் குறியீட்டைக் கொண்டு ‘பட்டம்’ எழுதச் சொல்லுங்கள். ‘படடம்’ வரும். இழப்புள்ள சுருக்கம் என்றால் என்ன என்பதை வகுப்பே சொல்லிவிடும்.

5. கடைசியாக ஒரு விளையாட்டு. ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, வரிசையில் நிற்பவர்களில் ஒருவர் மட்டும் இடம் மாறட்டும். கண் மூடியவருக்கு மாறியதை மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அதைக் கொண்டு அவர் புதிய வரிசையைச் சரியாகச் சொல்ல வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் இடம் மாறட்டும். ஒரு வாக்கியம் போதாது. அருவிக் காணொலி ஏன் பெரிது என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

மதிப்பீட்டுக்கு ஒரு கேள்வி: “5 நிமிடப் பாடம், விநாடிக்கு 2 மெகாபிட். கோப்பு எத்தனை மெகாபைட்?” விடை 75.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் பாடங்களில் ஒன்றை 4, 2, 1 மெகாபிட் என மூன்று அளவுகளில் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். மூன்றையும் ஓடவிட்டு, எந்த அளவு வரை எல்லாப் புள்ளிகளும் தெரிகின்றன என்று எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். நம் பள்ளிகளின் திரைகளுக்கும் நம் ஊர்களின் இணைய வேகத்துக்கும் ஏற்ற அளவு எது என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதை ஒரு தாளில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டிவிட்டால், அடுத்துப் பதிவு செய்யும் ஆசிரியருக்கு அந்தத் தேடல் மிச்சம்.